அண்ணியின் அடிக்கோடு

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் அவளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசப்போகிறேன். அப்போது யாரும், சொந்தக்காரி வேறு எப்படிப் பேசுவாள் என்று சொல்லிவிடக் கூடாது. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே குளியலறைக்கு முன்னால் துண்டும் கையுமாகக் காத்து நின்று, பொறுமையாக வளர்த்துக்கொண்ட வெறுப்பு இது. நேரில் "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவேன். மனதுக்குள் மரியாதை கிடையாது. இங்கேயும் மனதுக்குள் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

கொடுமைக்காரியாக இருந்தால் வெறுப்பதற்கு நாலு பேர் ஒப்புக்கொள்கிற காரணமாவது கிடைத்திருக்கும். அண்ணி அப்படியும் இல்லை. என்னை ஒரு நாள்கூடக் கடிந்து பேசியதில்லை. நான் வரத் தாமதமானால் என் சாப்பாட்டை மூடிவைக்க மறந்ததில்லை. பிரச்சினை வேறு. படுக்கை விரிப்பை விரிப்பாள். நான்கு மூலையையும் இழுத்துச் செருகுவாள். நடுவில் கையால் ஒரு தடவு தடவுவாள். அதோடு விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம் அல்லவா? போகமாட்டாள். ஒரு அடி பின்னால் எடுத்துவைப்பாள். தலையை லேசாகச் சாய்த்துக் கட்டிலைப் பார்ப்பாள். அப்புறம் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும்.

வாசலில் செருப்புகளை வரிசைப்படுத்தினாலும் அந்த ஒரு அடி. கொடியில் துணி காயப்போட்டாலும் அந்த ஒரு அடி. வெளியூர் போகப் பெட்டி கட்டும்போது, ரயில் போய்விடும் என்று அண்ணன் தெருவில் நின்று கத்திக்கொண்டிருப்பார். இவள் பெட்டியை மூடுவதற்கு முன் பின்னால் நகர்ந்து, உள்ளே அடுக்கியதை ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் மூடுவாள். இரண்டு தடவை ரயிலும் போயிருக்கிறது.

அந்தச் சிரிப்பு யாருக்காகவும் வருவதில்லை என்பதுதான் என் எரிச்சல். அறையில் நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பாராட்டுக்கு ஏங்குகிறவளாக இருந்தால், பாராட்டாமல் இருந்து பழிவாங்கலாம். இவள் தன் வேலையைத் தானே பார்த்து, தானே மெச்சி, தானே அதை ஏற்றுக்கொண்டு போய்விடுகிறாள். இப்படிப்பட்டவளிடம் நாத்தனார் என்று ஒருத்தி என்ன உத்தியோகம் பார்க்க முடியும்?

என் நிஜமான உத்தியோகம் நூலகத்தில், அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இருக்கிற பிரிவில். பஸ் ஓட்டுகிற என் அண்ணன் என்னை "அகராதி" என்றுதான் கூப்பிடுவார். வேலையை வைத்துச் சொல்கிறாரா குணத்தை வைத்துச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட எனக்கு, அண்ணியின் அந்தச் சிரிப்புக்குச் சரியான ஒரு வார்த்தை அகப்படாமலே பதினெட்டு வருடம் போய்விட்டது. திமிர் என்று சொல்ல முடியாது. திமிருக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். கர்வம் என்றால் வாய் பேசும். இவள் வாயைத் திறப்பதில்லை. மெத்தனம் என்றால் வேலை கெடும். இவள் வேலை கெட்டதில்லை. மிதப்பு என்பது கிட்டத்தட்டப் பொருந்தியது. ஆனால் மிதப்பில் இருக்கிறவர்களுக்குக் கால் தரையில் படாது. இவள் இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டு அல்லவா நிற்கிறாள்.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில். பத்தொன்பது வயதில், ஈரப் போர்வைகளைச் சலவை மெஷினிலிருந்து இழுத்துப் போடுகிறவளாகச் சேர்ந்தாள். மூன்று வருடத்தில் முழங்கை வலி எடுத்து, மடிப்பு மேஜைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் அந்த மேஜைதான். ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் நீளக் கவுன்களை மடித்துப் பொட்டலம் கட்டுவது அவள் வேலை. அங்கே எல்லோரும் அவளை "மடிப்பு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கீழ்த்தளத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

கவுன் மடிப்பது, சட்டை மடிப்பது மாதிரி இல்லை. முதலில், அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் விரித்து ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, கைகளை உள்ளே செருகி, நீளவாக்கில் மடித்து, கழுத்துப் பட்டி மேலே வரும்படி வைக்க வேண்டும். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கழுத்தின் உள்பக்கத்தைப் பிடித்துத் தூக்குவார். கவுன் தானாகக் கீழே விரியும். அவர் கைகளை நுழைத்து அதற்குள் புகுந்துகொள்வார். நோயாளியின் திறந்த வயிற்றுக்கு எதிரே வரப்போகிற முன்பக்கத்தில் அவருடைய வெறுங்கை படவே கூடாது. ஒரே ஒரு கவுன் முன்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடிக்கப்பட்டிருந்தால் போதும், கை அங்கேதான் போய்ப் படும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. துணி துணியாகத்தான் இருக்கும்.

மடித்ததை இரட்டைத் துணியில் சுற்றி, ஒரு டேப் ஒட்டி, கிருமி போக நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவார்கள். டேப்பில் வெளுத்த கோடுகள் இருக்கும். நீராவி சரியாக ஏறினால் அவை கறுத்துவிடும். அந்த டேப்பில் மடித்தவர் தன் எண்ணை எழுத வேண்டும் என்பது விதி. ஏதாவது தப்பு நடந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே. அதனால் எல்லோரும் ஒரு கிறுக்கல் கிறுக்குவார்கள். அது நாலா, ஒன்பதா, கொசு செத்துக் கிடக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைக்கத் தெரிந்தவர்கள். அண்ணியின் எண் ஏழு. அவள் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏழைத் திருத்தமாக எழுதி, அடியில் ஒரு கோடும் போடுவாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மடிப்புப் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுவது, புதிதாக வருகிறவர்களுக்கு மடிக்கக் காட்டுவது, நீராவிப் பெட்டி மக்கர் செய்தால் மெக்கானிக்கை விரட்டுவது எல்லாம் அண்ணி தலையில் விழுந்தது. பதவி மட்டும் விழவில்லை. இந்த வருடம்தான் ஒரு குழு உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்று அறிவித்தார்கள். அண்ணி அதிகம் பேசவில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடிக்குப் புதிய சட்டம் வாங்கிக்கொண்டாள். ஆசை இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு புது நிர்வாக அதிகாரி வந்தார். கையில் நேரம் அளக்கிற கடிகாரத்தோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி, ஒரு கவுனுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்தார். அண்ணி பத்துக் கவுன் மடித்து முடித்தாள். அடுக்கினாள். ஒரு அடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்ன பாத்துட்டு நிக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி.

"மடிச்சத பாக்கறேன் சார்."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"நல்லா இருக்கு சார்," என்றாளாம் அண்ணி.

வேறு யாராக இருந்தாலும் ஒரு "சாரி" சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்திருப்பார்கள். இவள் உண்மையைச் சொன்னாள். பலன், அடுத்த வெள்ளிக்கிழமை கைக்கு வந்த ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. வேலையில் குறை இல்லை என்று ஒரு வரி. பக்கத்தில் தனியாக ஒரே ஒரு வார்த்தை. "படித்தேன், ஏற்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டு, ஒரு வாரம் கழித்துக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும்.

அன்று சாயங்காலம் நான் விலா எலும்புக்குக் கீழே வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடந்தேன். பித்தப்பையில் கல். அண்ணியின் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை நீட்டினாள்.

"இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

பார்த்தேன். ஸ்மக் (smug) என்று எழுதியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு வலியே மறந்துபோனது. பதினெட்டு வருடமாகத் தேடிய வார்த்தையை முகம் தெரியாத ஒரு அதிகாரி ஒரே வாரத்தில் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். நான்கு எழுத்து. கச்சிதமாகப் பொருந்துகிறது.

"தன்னப் பத்தித் தானே ரொம்பத் திருப்தியா இருக்கறது அண்ணி," என்றேன். "அதுவும் பாக்கறவங்க கண்ண உறுத்தற அளவுக்கு."

"நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"கெட்டதுதான்."

காகிதத்தை மடித்தாள். அப்போதுகூட ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் மடித்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "உனக்கும் உறுத்துதா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வலிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். நான் சொன்னேன், "உறுத்தும் அண்ணி. ரொம்ப நாளாவே."

"சொல்லியிருக்கலாமே," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை என் அறைக்கு வந்து விரிப்பை மாற்றினாள். நான்கு மூலையையும் செருகினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி போட்டாள், அங்கேயும் நிற்கவில்லை. பதினெட்டு வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. நியாயப்படி நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் யாரோ கடிகாரத்தை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை என் விரிப்பின் ஒரு மூலை பிதுங்கி வெளியே வந்திருந்தது. அண்ணன் அதைக் கவனித்துவிட்டு, "என்ன அகராதி, அவளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

புதன்கிழமை, நூலகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்ட வார்த்தை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேனே, அது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கலாம் என்றுதான். ஏழெட்டுப் புத்தகங்களைப் புரட்டினேன். நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது.

நானூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அந்த வார்த்தை ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதில் ஒரு குற்றமும் இல்லை. திருத்தமான, துப்புரவான, நேர்த்தியாக உடுத்திய என்றுதான் பொருள். ஜெர்மனியின் வடக்குத் தாழ்நிலப் பகுதிப் பேச்சில் நேர்த்தியைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் அடியில் அலங்கரிப்பது என்ற பொருள். அதற்கும் அடியில் உடுத்துவது. இன்னும் அடியில், ஒன்றுக்குள் மெல்ல நுழைந்து புகுந்துகொள்வது. வேலை செய்கிறவர்கள் உடைக்கு மேல் மாட்டிக்கொள்கிற தளர்ந்த அங்கிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, ஸ்மாக் என்று. அதுவும் இந்தக் குடும்பம்தான். கை நுழைத்துப் புகுந்துகொள்கிற அங்கி என்று படித்தபோது எனக்குக் கீழ்த்தளமும் மடிப்பு மேஜையும் கண் முன்னால் வந்து நின்றன.

நேர்த்தி என்றிருந்தது கொஞ்ச நாளில் மழமழப்பு, மினுமினுப்பு என்று நகர்ந்திருக்கிறது. அழகாக இருக்கிற பெண்களைச் சொல்ல அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு போவதற்குள், தன்னைத்தானே மெச்சிக்கொள்கிற மூஞ்சி என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று புத்தகம் விவரமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு அனுமானம் உண்டு. அதற்கு ஆதாரம் என் மனசாட்சி மட்டும்தான். நேர்த்தியாக இருந்தவர்கள் ஒன்றும் மாறியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எரிச்சல்பட்டிருப்பார்கள். இவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் சரியாக இருக்கிறது, அதை இவள் வேறு தெரிந்துவைத்திருக்கிறாளே என்று முகம் சுளித்திருப்பார்கள். அந்தச் சுளிப்புத்தான் வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலத்திலும் நாத்தனார்கள் இருந்திருப்பார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் அந்த அதிகாரி மேல் திரும்பியது. பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். வருடம், மொழி, பொருள், எல்லாம். குழுவின் முன்னால் அண்ணி இதை நீட்டட்டும், அந்த ஆள் முகத்தில் ஈயாடாமல் போகட்டும் என்று இரண்டு பிரதி எடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தபோது, கைப்பையிலிருந்து ஒரு துண்டு டேப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். கறுத்த கோடுகள். செவ்வாய்க்கிழமைத் தேதி. அருகே ஏழு. அடியில் கோடு.

"என்ன அண்ணி இது?"

"தியேட்டர் சிஸ்டர் கொண்டு வந்து குடுத்தா," என்றாள். ஆபரேஷன் அறையில் டாக்டர்களுக்குக் கவுன் பிரித்துக் கொடுக்கிற நர்ஸ் அவள். "காலைல பிரிச்சிருக்கா. கவுன் திருப்பி மடிச்சிருக்கு. நல்லவேளை, டாக்டர் கை வைக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டா. ஒதுக்கிட்டு வேற எடுத்துட்டா. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"உங்களோடதா? நெஜமாவா?"

"என் கைதான். கோடு போட்டிருக்கேன் பாரு."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தப்பு. தியேட்டர் சிஸ்டர் நல்ல மனசுக்காரி. நாளைக்குக் குழு என்று அவளுக்கும் தெரியும். "யாருக்கும் சொல்லல மடிப்பக்கா, கிழிச்சுப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"கிழிச்சுப் போடுங்க அண்ணி," என்றேன் நானும்.

அண்ணி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "எப்படிப் போச்சுன்னு நாள் பூரா யோசிச்சேன்," என்றாள். "பத்துக் கவுன அடுக்கினா, கழுத்துத் தையல் பத்தும் ஒரே வரிசையா தெரியும். ஒண்ணு திரும்பியிருந்தா அந்த எடத்துல தையல் இருக்காது, மொழுக்குனு இருக்கும். கிட்டத்துல நின்னா தெரியாது. ஒரு அடி பின்னாடி வந்தாத்தான் தெரியும். அதத்தான் நான் இத்தன வருஷமா பாத்துட்டு இருந்திருக்கேன். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நான் அந்த டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"இந்த வாரம் நாலு நாளா நான் பாக்கல," என்றாள். "உறுத்துதுன்னு சொன்னீங்களே, அதனால."

"சொன்னீங்களே" என்றாள். பதினெட்டு வருடமாக "நீ" என்று சொன்னவள் என்னையும் அதிகாரியையும் சேர்த்து ஒரே பன்மையில் போட்டுவிட்டாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவசரமாக என் தாளை எடுத்து விரித்து, வார்த்தையின் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். பழைய பொருள் நேர்த்தி, மூலப் பொருள் அங்கிக்குள் நுழைவது, அதிகாரிக்கு ஆங்கிலம் அரைகுறை, இதைக் கொண்டுபோய் மேஜையில் போடுங்கள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்கள் என்று அடுக்கினேன்.

அண்ணி முழுக்கக் கேட்டாள். தாளை வாங்கிப் படித்தாள். "நல்லா எழுதியிருக்க," என்றாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் அண்ணி?"

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அர்த்தத்துக்குப் பின்னாடி நான் எதுக்குப் போய் ஒளிஞ்சுக்கணும்? அவர் இப்ப இருக்கற அர்த்தத்துலதானே எழுதினாரு. அது சரியாத்தான் இருக்கு. எனக்குத் திருப்தியாத்தான் இருக்கும். அதுல எனக்கு என்ன வெக்கம்?"

மறுநாள் குழுவின் முன்னால் நடந்ததில் பாதியை அண்ணி சொன்னாள். மீதியை, அந்தக் குழுவில் இருந்த தலைமை நர்ஸ் பிற்பாடு நான் வார்டில் படுத்திருந்தபோது சொன்னார். அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறார்.

"இந்தக் குறிப்போட உங்க பேர மேல அனுப்பினா கஷ்டம்மா. 'என் போக்கை மாத்திக்கறேன்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் அந்த வார்த்தைய அடிச்சுடறேன். போஸ்ட் உங்களுக்குத்தான்."

ஒரு வரி. அதை எழுதினால் ஆறு வருடமாகச் செய்கிற வேலைக்கு நாற்காலி கிடைத்துவிடும். அண்ணி கைப்பையைத் திறந்து அந்த டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன?"

"செவ்வாக்கிழம நான் மடிச்ச கவுன் சார். திருப்பி மடிச்சிருக்கேன். தியேட்டர் வரைக்கும் போயிடுச்சு."

மேஜையைச் சுற்றி இருந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதை யாரும் கேட்கவில்லையே, இவள் ஏன் தானாக வந்து கழுத்தை நீட்டுகிறாள் என்று தலைமை நர்ஸ் தவித்துப்போயிருக்கிறார்.

"போக்க மாத்திக்கன்னு சொல்றீங்க," என்றாளாம் அண்ணி. "நாலு நாள் மாத்திக்கிட்டேன் சார். அதுல வந்தது இது."

அறிக்கையில் பணியாளர் கருத்து என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் "இல்லை" என்று எழுதுவார்கள். அண்ணி புது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரையும் அவசரப்படுத்த விடாமல், தமிழில் எழுதினாள். தலைமை நர்ஸுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

"அதிகாரி எழுதியது உண்மை. வேலை சரியாக இருந்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும். ஒரு அடி பின்னால் நின்று பார்ப்பேன். நாலு நாள் பார்க்காமல் இருந்தேன். ஒரு கவுன் தப்பாகப் போனது. அது என்னுடையது. இனிமேல் பார்ப்பேன்."

கையெழுத்துப் போட்டு, அடியில் கோடு போட்டாள். பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளி, ஒரு அடி பின்னால் போய் மேஜையைப் பார்த்தாளாம். சிரித்தாளா என்று தலைமை நர்ஸிடம் கேட்டேன். "சிரிச்சாங்க," என்றார்.

பதவி கிடைக்கவில்லை. ஸ்டோரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவருக்குக் கவுனின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாது, அண்ணிதான் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அதிகாரிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா போஸ்ட் பண்ணாத," என்று சொல்லிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அண்ணி அழுதாளா என்று கேட்டால், அழுதாள். ஒரு நாள், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. நான் துண்டும் கையுமாக வெளியே நின்றிருந்தேன். அன்று கதவைத் தட்டவில்லை.

மறுநாள் காலை என் அறைக்கு வந்து விரிப்பை மாற்றினாள். ஒரு அடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்தாள். உதட்டோரத்தில் அதே சிரிப்பு. எனக்கு அதே எரிச்சல் வந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நானும் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று கட்டிலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் எனக்கு ஆபரேஷன். மேலே பெரிய விளக்கு, குளிர், பச்சைத் துணி. ஓரத்தில் ஒரு தள்ளுவண்டிமேல் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள் ஒரு நர்ஸ். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. குனிந்து, "மடிப்பக்காவோட நாத்தனார்தானே நீங்க?" என்று கேட்டாள். அவள்தான் தியேட்டர் சிஸ்டர் என்று புரிந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு பொட்டலம். கோடுகள் எல்லாம் கறுத்திருந்தன. நாலு, பதினொன்று, ஏழு, இரண்டு. ஒன்றிலும் கிறுக்கல் இல்லை. நான்குக்கும் அடியில் கோடு இருந்தது.

"எல்லாருமா கோடு போடறாங்க?" என்று கேட்டேன்.

"டேப்புல நம்பர் மட்டும் போதும், கோடு போட்டு நேரத்த வீணாக்கக் கூடாதுன்னு மேலருந்து ஒரு சர்க்குலர் வந்துச்சு," என்றாள் அவள். "அன்னைலருந்து எல்லாரும் போடறாங்க."

அவள் ஏழாம் எண் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கழுத்துத் தையல் மேலே தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்த டாக்டர், கழுத்தின் உள்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். கவுன் தானாகக் கீழே விரிந்தது. அவர் இரண்டு கைகளையும் நுழைத்து அதற்குள் புகுந்துகொண்டார்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் என் முகத்தைக் குனிந்து பார்த்தார். "என்னம்மா, பயந்து நடுங்குவாங்கன்னு பாத்தா நீங்க சிரிக்கறீங்க?"

"எங்க அண்ணி மடிச்சது," என்றேன்.